வேங்கடச் சுரமும் குறிப்புப் பொருளும்
(சங்கப் பாலைப் பாடல்களையும் இக்காலச் சப்பானியப் புனைகதைகளையும் முன்வைத்து)

முன்னுரை

தமிழ்கூறும் நிலத்திற்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் காட்டுகின்றது தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம். அவ்வேங்கடம் இன்று ஆந்திர மாநிலத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 2022 ஏப்ரலில் அம்மாவட்டம் தனியே அமைக்கப்பெறும் வரையில் அது சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக விளங்கியது. நாள்தோறும் பல்லாயிரவர் திரளும் திருமலையாகவே அதனை இன்றைய தமிழர் அறிவர். சங்க அகப்பாடல்களில் இடம்பெறும் வேங்கடமோ பெரும்பாலும் பிரிந்து சென்ற தலைவன் கடந்து போகும் மலை. அதற்கு அப்பால் மொழி வேறுபடும்; நீர் அரிதாகும்; வழிச்செல்வோர் உயிருக்கு உறுதி இல்லை.

இப்பாடல்களில் வரும் கொடுமைகளைப் பாலைத் திணைக்குரிய மரபு வருணனை எனக் கொண்டு கடந்து செல்வாரும் உளர். அவற்றிலுள்ள அரசர் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் மட்டும் வரலாற்றிற்கெனப் பிரித்தெடுத்துக்கொண்டு எஞ்சியதைக் கற்பனையெனத் தள்ளுவாரும் உளர். இவ்விரு முறையிலும் பாடலின் குறிப்புப் பொருள் கைநழுவிப் போகின்றது. வேங்கடப் பகுதியில் மக்கள் பட்ட இன்னலின் வரலாறு அக்குறிப்புப் பொருளினுள்ளேயே பொதிந்துள்ளது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இன்னல் சூழ்ந்த உலகைக் குறிப்பால் உணர்த்தும் இக்காலச் சப்பானியப் புனைகதைகள் சில இதற்கு ஒப்புநோக்காகக் கொள்ளப்பெறுகின்றன. வாழ்வுக்குரிய நெறிகள் குலைந்து மனிதர் அஞ்சி வாழும் புனைவுலகம் இங்குக் 'கேட்டுலகம்' என்னும் சொல்லால் சுட்டப்பெறுகின்றது.

குறிப்பும் பாலையும்: இலக்கண மரபு

சொல்லாமல் சொல்லும் முறையைத் தொல்காப்பியர் உள்ளுறை, இறைச்சி என இருவகையாகக் கண்டார். கருப்பொருளை அடியாகக் கொண்டு, கூறவந்த பொருளோடு ஒத்து நிற்கும் மறைபொருள் உள்ளுறை உவமம். உரிப்பொருளுக்குப் புறத்தே தோன்றி, கேட்போர் ஆராய்ந்து உணரும் பொருள் இறைச்சி. காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் தொனிக் கோட்பாட்டை விரிவாக வகுத்தார். தமிழ் மரபு குறிப்பை நிலத்தோடும் உயிர்களோடும் பிணைத்தே பேசியமை அதன் தனித்தன்மையாகும்.

இறைச்சிக்குத் தொல்காப்பியப் பொருளியல் மற்றொரு கடமையையும் வகுத்துள்ளது. தலைவி வருந்தியிருக்கும் காலத்தில், தலைவன் செல்லும் வழியில் காணப்பெறும் அன்புச் செயல்களை இறைச்சியில் அமைத்துக் கூறுதல் அவளை ஆற்றுவிக்கும் வன்புறையாகும் என்பது அவ்விதி. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாடல் (37) இதற்குச் சிறந்த சான்று. தன் பிடியின் பசியைத் தீர்க்க யாமரத்தின் பட்டையை உரித்தளிக்கும் களிற்றினை அங்குத் தோழி காட்டுகின்றாள். அதனைக் காணும் தலைவன் விரைந்து மீள்வான் என்பது குறிப்பு. நிழலற்ற வெளியில் தன் நிழலையே பிணைக்குத் தரும் கலைமானும், கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிய பின்னரே தான் பருகும் களிறும் பாலைக்கலியில் (11) இடம்பெறுகின்றன. கொடிய நிலத்தைப் பாடும்போது அதனுள் ஓர் இரக்கச் செயலை வைத்துப் பாடுதல் தமிழ்ப் பாலையின் மரபாக அமைந்தது எனலாம்.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த காலத்து அவை பாலையாகும் எனச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை உரைக்கின்றது. வளமாக இருந்த நிலமே கேடுற்ற நிலமாக மாறும் என்னும் இக்கருத்து இங்குக் கருதத்தக்கது. கேட்டுலகம் எங்கோ தொலைவில் இருப்பதன்று. மழை பொய்த்தால் தம் ஊரே அவ்வாறு ஆகக்கூடும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

மாமூலனார் காட்டும் வேங்கடம்

வேங்கடத்தை மிகுதியாகப் பாடிய சங்கப் புலவர் மாமூலனார். அகநானூற்றின் 61, 211, 295, 311, 393 ஆகிய பாடல்களில் வேங்கடமோ அதன் தலைவனாகிய புல்லியின் நாடோ இடம்பெறுகின்றது. இப்பாடல்களில் வேங்கடம் முற்றும் வறண்ட நிலமாகக் காட்டப்பெறவில்லை. 61ஆம் பாடலில் அது விழாக்கள் நிறைந்த சிறப்புடையது. புல்லி கள்வர் கோமான் எனப்படுகின்றான். 211ஆம் பாடலில் அது குளிர்ந்த சோலையுடையது. தாயங்கண்ணனாரின் பாடலில் (213) அது தொண்டையர்க்கு உரியதாய், வெள்ளருவி வீழும் மலையாய் விளங்குகின்றது. ஆகவே அச்சம் மலையில் இல்லை. மலையைக் கடக்கும் வழியிலும் அதற்கு அப்பாலுள்ள மொழிபெயர் தேயத்திலும் உள்ளது.

295ஆம் பாடல் இவ்வழியின் கொடுமையை விரிவாகக் காட்டுகின்றது. நிலத்தின் நீர் வற்றுகின்றது, சுனைகள் வறள்கின்றன, புலியை வென்ற யானையும் மதம் வாடி மரங்களின் ஒரு பக்கத்தே பிடியோடு தங்குகின்றது. இக்காட்டைக் கடந்து கடல் உப்பைக் கொண்டு செல்லும் உமணர் கூட்டம் வருகின்றது. களைத்த எருதுகள் இளைப்பாறும் பொருட்டு அவர்கள் சரளை மேட்டை இடித்து அகன்ற வாயுடைய குழிகளைத் தோண்டுகின்றனர். அவர்கள் சென்ற பின்னரும் அக்குழிகளில் நீர் ஊறுகின்றது. பின்வரும் வழிப்போக்கர் அதனால் களைப்பு நீங்குகின்றனர். தமக்கெனத் தோண்டிய குழி முகமறியாதார்க்கும் பயன்படுகின்றது. தலைவன் செல்லும் வழியிலும் இவ்வாறு ஒரு குழியில் நீர் இருக்கும் என்பதே தலைவிக்குக் கிடைக்கும் ஆறுதல். கடலோரத்தையும் உள்நாட்டையும் வேங்கடத்தின் வழியே இணைத்த உப்பு வணிகத்திற்கும் இக்காட்சி சான்றாகின்றது. இரக்கத்தை உணர்த்தும் குறிப்பும் வணிகத்தின் வரலாறும் ஒரே குழியில் ஊறுகின்றன.

311ஆம் பாடலில் புல்லியின் நாட்டுக் கோவலர், காளையின் கழுத்தில் கட்டிய மூங்கிற் குழாயிலிருந்து இனிய புளியுணவை எடுத்துத் தேக்கிலையில் பகிர்ந்தளிக்கின்றனர். அதனை உண்டபின் வழிப்போக்கரின் செவியடைப்பு நீங்குகின்றது. நெடும்பசியால் காது அடைத்துப்போகும் என்பது பசித்திருந்தோர் அறிந்த உண்மை. பசியின் அளவை விரித்துக் கூறாமல் செவியடைப்பு ஒன்றாலேயே புலவர் உணர்த்திவிடுகின்றார். 393ஆம் பாடலில் வரகைப் பாறையில் உலர்த்தி, குற்றி, சுனைநீரில் உலையேற்றி ஆக்கிய சோறு பசுவின் பாலோடு பகிரப்பெறுகின்றது. வறிய நிலத்தின் உணவு ஆக்கும் முறை படிப்படியாக அப்பாடலில் பதிவாகியுள்ளது.

211ஆம் பாடல் தனித்து நோக்கத்தக்கது. வேங்கடத்துச் சோலையில் களிறு தன் உடலை உரசுந்தோறும் மராமரத்தின் வெண்பூக்கள் ஆலங்கட்டி போல் உதிர்கின்றன. உழவர் உலர்த்திய வெண்ணெல் விதைபோல் அவை பாறைமீது கிடந்து காய்கின்றன. விதைநெல்லை உலர்த்துதல் அடுத்த பருவத்தை நம்பிச் செய்யப்படும் செயல். மொழி வேறுபட்ட நாட்டில் இருப்பினும் தலைவன் வந்து அருளுவான் எனத் தொடர்ந்து தோழி கூறுவதற்கு அந்நம்பிக்கை அடித்தளமாகின்றது. ஆயினும் அதே பாடலின் பிற்பகுதியில் வேறொரு வெண்மை தோன்றுகின்றது. சினமிக்க வேந்தன் ஒருவனின் ஏவலால் மத்தி என்பான் எழினியின் பல்லைப் பறித்துக் கோட்டைக் கதவில் அழுத்திப் பதித்த செய்தி, ஊரார் தூற்றும் அலருக்கு உவமை கூறும் இடத்தே வந்து சேர்கின்றது. சோலையில் பூவாகவும் விதையாகவும் இருந்த வெண்மை, கதவில் பல்லாக நிற்கின்றது. தலைவியின் துயரைப் பாடும் பாடலினுள் அரசதிகாரத்தின் கொடுமை உவமையின் வாயிலாக நுழைகின்றது. அதனைப் பற்றிப் புலவர் தம் கருத்தாக ஒரு சொல்லும் கூறவில்லை. கேட்போர் மனத்தில் அது தங்கிவிடுகின்றது.

கல்லாடனார்: அகமும் புறமும்

மாமூலனார் பாடல்களை மரபு வருணனை என்று கருதுவார்க்குக் கல்லாடனாரின் பாடல்கள் விடையளிக்கின்றன. அகநானூற்றின் 83, 209 ஆகிய பாடல்களில் இவர் புல்லியின் வேங்கடத்தைப் பாடியுள்ளார்.

83ஆம் பாடலில் புல்லியின் இளையர் காட்டில் யானைக்கன்று ஒன்றைப் பிரித்துக் கொணர்கின்றனர். தாய்ப்பிடி கானத்தில் அலறுகின்றது. இளையரோ மராமரத்தின் புதுப்பூவைச் சூடி மகிழ்கின்றனர். அதே வகை மரத்தின் கிளையைப் பிளந்து எடுத்த நாரினால், கொடிகள் அசையும் கடைத்தெருவையுடைய மூதூரில் கள் விற்கும் வீட்டின் வாயிலில் கன்றைக் கட்டுகின்றனர். கொண்டாட்டத்திற்குப் பூவைத் தந்த மரமே தளைக்கு நாரையும் தருகின்றது. இது தலைவன் இடைச்சுரத்தில் தன் நெஞ்சிற்குச் சொல்லியதாக அமைந்த பாடல். தான் பிரிந்து வந்த தலைவியின் அழுகையை அவன் நேரே கூறவில்லை. பிடியின் அலறல் அதனைக் கூறுகின்றது. பொருளுக்காக உறவைப் பிரிக்கும் தன் செயலும் கள்ளுக்காகக் கன்றைப் பிரிக்கும் இளையர் செயலும் ஒன்றே என அவன் நெஞ்சு அறிந்திருத்தலைக் கேட்போர் உய்த்துணர்கின்றனர். தலைவியின் கண்ணுக்கு அவன் கூறும் உவமை நெய்தல் மலர். இரங்கலுக்குரிய திணையின் பூ, நீரற்ற வழியில் நினைவாக மலர்கின்றது.

இப்பாடலோடு இணைத்துப் படிக்க வேண்டியது புறநானூற்றின் 391ஆம் பாடல். பொறையாற்று கிழானைப் பாடும் கல்லாடனார், மழை பொழிந்து நெல் மலைபோற் குவிந்திருந்த வேங்கட நாட்டின் வடபுலம் பசியுற்றமையால் தம் பெரிய சுற்றம் அங்கிருந்து பெயர்ந்து வந்து தங்கியதாகக் குறிப்பிடுகின்றார். அம்பர் கிழான் அருவந்தையை வாழ்த்தும் 385ஆம் பாடலிலோ, வேங்கட மலையில் விழுந்த மழைத்துளிகளினும் பலவாகிய நாள்கள் அவன் வாழ வேண்டும் என்கின்றார். பசிக்கு அஞ்சிப் பெயர்ந்த ஒருவர் வாழ்த்துவதற்கு அளவையாகத் தம் மண்ணின் மழைத்துளியையே எடுத்துக்கொள்வது எண்ணத்தக்கது. வேறு எந்த மலையின் மழையும் அவர் நினைவிற்கு வரவில்லை.

பாடற்குறிப்புகள் கூறும் கல்லாடனார் ஒருவரே எனக் கொள்ளுமிடத்து ஒரு முடிவு தெளிவாகின்றது. வேங்கடத்துப் பசியைப் புறத்தில் வெளிப்படையாகக் கூறியவரே அகத்தில் அந்நிலத்தின் பிரிவுத் துயரைக் குறிப்பாகக் கூறியுள்ளார். புறம் நிகழ்ச்சியைத் தருகின்றது. அகம் அந்நிகழ்ச்சி நெஞ்சில் விட்ட வடுவைத் தருகின்றது. ஒன்றை வரலாறு என்றும் மற்றொன்றைக் கற்பனை என்றும் பிரித்தல் பொருந்தாது. பிற்காலத்திலும் இப்பகுதி வறட்சியினின்று தப்பவில்லை. சித்தூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய வடஆர்க்காடு மாவட்டம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் சிக்கிய பகுதிகளுள் ஒன்று.

சப்பானியப் புனைகதையில் குறிப்பும் கேட்டுலகமும்

இன்னலைக் குறிப்பாலும் வெளிப்படையாலும் ஒருவரே பாடும் இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சப்பானிய இலக்கியத்தில் கமோ நோ சோமேய் (1155-1216) இதற்கு ஒப்பாகக் கூறத்தக்கவர். சொல்லில் வெளிப்படாமல் எஞ்சி நிற்கும் உணர்வைக் கவிதையின் உயர்பண்பாக விளக்கியவர் அவர். அவரே 1212இல் இயற்றிய 'ஹோஜோகி' என்னும் உரைநடை நூலில் கியோத்தோ நகரத்தின் தீ, சூறைக்காற்று, பஞ்சம், நிலநடுக்கம் ஆகியவற்றைக் கண்டவாறு பதிவு செய்தார். குறிப்பை விளக்கியவரும் பசியைக் கண்டு எழுதியவரும் அங்கும் ஒருவரே.

தமிழுக்கும் சப்பானிய மொழிக்கும் உறவு உண்டெனச் சுசுமு ஓனோ (1919-2008) முன்வைத்த கருத்து மொழியியலாரிடையே பொதுவான ஏற்பினைப் பெறவில்லை. இங்குச் செய்யப்பெறும் ஒப்பீடு அவ்வுறவைச் சார்ந்ததன்று. இரு இலக்கியங்களும் இயற்கைப் பொருளைக் கொண்டு மனநிலையை உணர்த்தும் மரபுடையவை. அம்மரபு கேட்டுலகைப் பாடும்போது என்னவாகின்றது என்பதே வினா.

ஹிரோமி கவகாமி 1993இல் 'கமிசாமா' என்னும் சிறுகதையை எழுதினார். குடியிருப்பிற்குப் புதிதாக வந்த கரடி ஒன்றுடன் கதைசொல்லி ஆற்றங்கரைக்கு உலாச் சென்று மீள்வதே கதை. 2011 மார்ச்சு 11இல் நேர்ந்த நிலநடுக்கம், ஆழிப்பேரலை, புகுசிமா அணுவுலை விபத்து ஆகியவற்றுக்குப் பின்னர் அதே கதையைச் சிறிது மாற்றிக் 'கமிசாமா 2011' என வெளியிட்டார். உலாவும் கரடியும் ஆறும் மாறவில்லை. முன்னைய கதையில் ஆற்றங்கரையில் இருந்த சிறுவன் பின்னையதில் இல்லை. நாளின் முடிவில் உடலில் ஏறிய கதிரியக்கம் அளக்கப்பெறுகின்றது. நேர்ந்த கேடு 'அந்நிகழ்ச்சி' என்னும் அளவிலேயே சுட்டப்பெறுகின்றது. குழந்தை இல்லாத ஆற்றங்கரை மற்ற அனைத்தையும் உணர்த்திவிடுகின்றது. இயல்பு கெட்டுத் திரிந்த முல்லையும் குறிஞ்சியும் பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்திற்கு இக்காலத்தில் இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

யோகோ ஒகாவாவின் 1994ஆம் ஆண்டுப் புதினம் ஆங்கிலத்தில் 'நினைவுக் காவலர்' என்னும் பொருள்படும் தலைப்பில் 2019இல் வெளிவந்தது. பெயர் கூறப்பெறாத தீவொன்றில் பறவைகள், ரோசாப் பூக்கள் எனப் பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. அவற்றின் நினைவும் மக்களிடமிருந்து மறைகின்றது. மறக்க இயலாதவரைக் காவலர் தேடிப் பிடிக்கின்றனர். மறைவுக்குரிய காரணம் இறுதிவரை கூறப்பெறவில்லை. யோகோ தவாதாவின் 'கெந்தோசி' (2014) என்னும் புதினத்தில், பெயர் கூறப்பெறாத பேரிடருக்குப் பின் சப்பான் நாடு தன் வாயில்களை அடைத்துக்கொள்கின்றது. முதியோர் நூறாண்டு கடந்தும் வலிமையோடு வாழ, குழந்தைகள் நலிவுற்றுப் பிறக்கின்றனர். அயல்மொழி வழங்குதல் அங்குத் தடைசெய்யப்பெற்றுள்ளது. கொள்ளுப்பாட்டன் ஒருவன் தன் கொள்ளுப்பேரனைப் பேணும் அன்பே கதையின் உயிர்.

வேங்கடப் பாடல்களோடு இவற்றை வைத்து நோக்கும்போது இரு வேறுபாடுகள் புலனாகின்றன. முதலாவது மொழி பற்றியது. மாமூலனாரின் தலைவிக்கு மொழி மாறும் நாடு அச்சந்தருவது. தவாதாவின் உலகில் அயல்மொழி கேளாமையே அச்சந்தருவது. இரண்டாவது குறிப்பு ஆற்றும் பணி பற்றியது. ஒகாவாவிடம் கூறாது விடப்பெற்றது வாசகரின் அச்சத்தை வளர்க்கின்றது. சங்கப் பாலையிலோ கூறாது விடப்பெற்றது பெரும்பாலும் ஆறுதலாக அமைகின்றது; காத்திருக்கும் ஒருத்தியை முன்னிறுத்தி அது சொல்லப்பெறுவதே காரணம். தவாதாவின் கொள்ளுப்பாட்டன் மட்டும் பாலைக்கலியின் யானைக்கு அணியனாகத் தோன்றுகின்றான். கேடுற்ற நிலத்தில் தன்னினும் முன்னாக மற்றோர் உயிரைப் பேணும் செயல் இரண்டிடத்தும் ஒன்றே.

சுரம் திருமலை ஆதல்

பாலைக்கு விளக்கம் தரும் காடுகாண் காதையிலேயே வேங்கட மலையில் நின்றகோலத்தில் விளங்கும் திருமாலின் வருணனையும் உள்ளது. வழிச்செல்லும் மாங்காட்டு மறையோன் கூற்றாக அது அமைந்துள்ளது. தலைவன் கடந்து செல்லும் மலை, அடியவர் நாடிச் செல்லும் மலையாக மாறும் திருப்பம் இங்குத் தெளிவாகத் தெரிகின்றது.

முதலாழ்வார்களிடம் இம்மாற்றம் நிறைவுறுகின்றது. பூதத்தாழ்வாரின் இரண்டாம் திருவந்தாதியில், வேங்கடத்துக் களிறு இளமூங்கிலை முறித்து, அருகிலுள்ள தேனில் தோய்த்துத் தன் பிடிக்கு நீட்டுகின்றது. பெருங்கடுங்கோவின் களிறும் பிடிக்கே உணவளித்தது. ஆயினும் அங்கு அக்களிறு மரப்பட்டையைப் பசியால் உரித்தது. இங்கு மூங்கில் தளிரைத் தேனோடு தருகின்றது. அங்கு அது திரும்பி வராத ஒருவனைக் குறித்து நின்ற இறைச்சி. இங்கு அது இறைவன் உறையும் மலையின் இயல்பு. குறிப்பாக இருந்த அன்பு வெளிப்படையாகி மலைக்கே உரிய தன்மையாக நிலைபெற்றது. குலசேகராழ்வார் அம்மலையின் சுனையில் மீனாகவேனும் பிறக்க விழைகின்றார். கடந்து செல்ல அஞ்சிய நிலத்தில் எப்பொருளாகவேனும் கிடக்க விரும்பும் நிலை உருவாகிவிட்டது.

அதன்பின் பல்லவர், சோழர், விசயநகர வேந்தர் காலங்களில் திருமலையும் திருப்பதியும் வளர்ந்தன. திருப்பதி தேவத்தானம் பதிப்பித்த கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. நில வருவாய், நாள்வழிபாடு, விழா, உணவுப் படையல் ஆகியவற்றை அவை விரித்துரைக்கின்றன. தேக்கிலையில் பகிரப்பெற்ற உணவு கோயிலின் அறமாக நிலைபெற்றது. புல்லியின் கோவலரிடமிருந்து நேராக வந்த வழக்கு அது என்று நிறுவச் சான்றில்லை. எனினும் வழிவந்தோர்க்கு உணவளித்தல் இம்மலையைப் பற்றிய இலக்கியப் பதிவுகளில் தொடக்கமுதல் உள்ளது என்பது உறுதி.

மொழி எல்லையும் இன்றைய சுரமும்

மொழிபெயர் தேயத்தின் எல்லை இருபதாம் நூற்றாண்டில் ஆட்சி எல்லையாயிற்று. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே தொடர்ந்தன. 1954இல் திருப்பதியில் திருவேங்கடவன் பல்கலைக்கழகமும், 1997இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் தோன்றின. சந்தையிலும் பேருந்திலும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் இருமொழி வாழ்க்கை இயல்பானது. மாமூலனார் கண்ட மொழி வேறுபாடு அச்சத்தைத் துறந்து அன்றாட வாழ்வாகியது.

ஆயினும் சுரம் முற்றும் மறையவில்லை. சேசாசலக் காடுகளில் வளரும் செம்மரம் உலகச் சந்தையில் பெருவிலை பெறுவது. அதனை வெட்டுதலும் கடத்தலும் சட்டத்திற்குப் புறம்பானவை. தமிழக மலைப்பகுதிகளைச் சேர்ந்த வறிய தொழிலாளர் பலர் கூலிக்காக இடைத்தரகர் வழியே அக்காட்டிற்குச் சென்றுள்ளனர். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த அக்காட்டுப் பகுதியில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப்படை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். தற்காப்பிற்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. சட்டம் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்க, பொருள் தேடி வேங்கடக் காட்டிற்குச் சென்றவர் மீளாமையும் வீட்டில் மகளிர் காத்திருந்தமையும் பாலைப் பாடல்களைப் படித்தோர்க்குப் புதியன அல்ல. பொருள்வயிற் பிரிவு என்னும் துறைப்பெயர் அந்த ஏப்ரலில் நூலை விட்டு வெளியே வந்து நின்றது. அச்சுரத்தில் உமணர் தோண்டிய நீர்க்குழி மட்டும் காணப்பெறவில்லை.

முடிவுரை

வேங்கடத்தைப் பாடிய சங்கப் பாலைப் பாடல்களில் குறிப்புப் பொருள் அணிநலமாக மட்டும் நிற்கவில்லை. நீர்க்குழி, செவியடைப்பு, வரகுச் சோறு, கட்டுண்ட கன்று, கதவில் பதிந்த பல் ஆகியவை அந்நிலத்தின் வணிகம், பசி, வேட்டை, அதிகாரக் கொடுமை ஆகியவற்றை மனிதர் உணர்ந்தவாறே காத்து வைத்துள்ளன. கல்லாடனாரின் புறப்பாடல் அப்பசி மெய்யானது என்பதை உறுதி செய்கின்றது. கேட்டை நேரே பெயரிடாமல் அதன் விளைவைக் காட்டி உணர்த்தும் முறை இக்காலச் சப்பானியப் புனைகதைகளிலும் உள்ளது. அவ்வுணர்த்தலைக் காத்திருப்போர்க்கு உரிய ஆறுதலாக இலக்கணம் வகுத்தே வழங்கியமை தமிழ் மரபின் சிறப்பு.

எனவே வேங்கடப் பாடல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் புல்லி, எழினி, மத்தி என்னும் பெயர்களோடு நின்றுவிடாமல், களைத்த எருதுகளையும் அலறும் பிடியையும் தம் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வடபுலம் பசித்ததால் பெயர்ந்து வந்த ஒரு சுற்றத்தின் பெயர்களுள் இன்று கிடைப்பது அதனை அழைத்து வந்த புலவரின் பெயர் ஒன்றே. மற்றவர் பட்ட துயரை அறிவதற்கு அப்பாடல்கள் விட்டுச்சென்ற குறிப்பே வழியாக உள்ளது.